டெக் பலகைக்கு மேல் ஓர் அடுப்பு மேடை

போன வருஷம் ஜூலையில் ஒரு சனிக்கிழமை ராத்திரி, பதினொன்றரை மணி இருக்கும். பாத்திரமெல்லாம் கழுவி வைத்துவிட்டுப் பின்கதவைப் பூட்டப் போனேன். லேசாக ஒரு வாடை வந்தது. சாயங்காலம் கோழி சுட்ட வாடைதான் இன்னும் போகவில்லை என்று முதலில் நினைத்தேன். ஆனால் கரி வாடை வேறு, மரம் கருகுகிற வாடை வேறு. இதில் பைன் பிசின் கலந்திருந்தது. கதவைத் திறந்து டெக்கில், அதாவது வீட்டின் பின்பக்க மரத்தளத்தில், கால் வைத்தேன். கைபேசி விளக்கில் பார்த்தபோது, கிரில் என்கிற கரி அடுப்புக்கு ஒன்றரை அடி தள்ளி, இரண்டு பலகைகளுக்கு நடுவே இருந்த இடுக்கிலிருந்து நூல் மாதிரி புகை எழும்பிக்கொண்டிருந்தது. விளக்கை அணைத்தேன். இடுக்குக்குள் ஒரு சிவப்புப் பொட்டு தெரிந்தது. காற்று வீசும்போது பெரிதாகி, நின்றதும் சுருங்கியது.

நாங்கள் சமைத்து முடித்தது ஏழு மணிக்கு. நாலரை மணி நேரமாக அந்தக் கங்கு அங்கேயே கனன்றுகொண்டிருந்திருக்கிறது. உள்ளே பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

இரண்டு வாளித் தண்ணீரை மேலிருந்து ஊற்றினேன். அப்புறம் கீழே இறங்கி, அடியிலிருந்தும் ஹோஸ் பைப்பால் நனைத்தேன். அன்றைக்குத் தூக்கம் வரவில்லை, இரண்டு முறை எழுந்துபோய்த் தொட்டுப் பார்த்தேன். அன்று தொடங்கிய வேலையைத்தான் இங்கே எழுதுகிறேன். நம் ஊர்க்காரர்கள் இங்கே அமெரிக்காவில் வீடு வாங்கியதும் செய்கிற முதல் வேலைகளில் ஒன்று பின்பக்கம் ஒரு கிரில் வாங்கி வைப்பது. அதன் அடியில் என்ன இருக்கிறது என்பதை யாரும் அதிகம் பேசுவதில்லை. நானும் அந்த ராத்திரி வரை யோசித்ததில்லை.

எங்கள் வீடு வட கரோலினாவில், ராலிக்குப் பக்கத்தில் கேரியில். மனை பின்பக்கம் சரிவாக இறங்குவதால் சமையலறைக் கதவைத் திறந்தால் ஒன்பதடி உயரத்தில் மரடெக், அதற்குக் கீழே பேட்டியோ, அதாவது திறந்த கான்கிரீட் தரை. டெக் பலகைகள் அழுகாமலிருக்க மருந்தேற்றிய தெற்கத்தி மஞ்சள் பைன். பலகை ஒரு அங்குல கனம், ஐந்தரை அங்குல அகலம். அதைத் தாங்கும் ஜாய்ஸ்டுகள், அதாவது அடிச்சட்டங்கள், 16 அங்குலத்துக்கு ஒன்று. சுற்றிலும் லாப்லாலி பைன் மரங்கள். அவற்றின் ஊசியிலைகள் வருஷம் முழுவதும் கொட்டி, பலகை இடுக்குகளில் நெய்த மாதிரி அடைத்துக்கொள்ளும். காய்ந்தால் அதைவிட நல்ல பற்றவைப்பான் கிடையாது. பற்றவைத்த கரியைக் கிரில்லில் கொட்டும்போது தெறித்த ஒரு சின்னக் கங்கு போய் விழுந்தது அந்த மெத்தைக்குள்தான்.

கிரில்லுக்கு அடியில் விரிப்பு போடாமல் இல்லை. அடிப்பக்கம் ரப்பர் ஒட்டிய ஒரு கருப்பு விரிப்பு இரண்டு வருஷமாக அங்கே கிடந்தது. கங்கு விழுந்தது விரிப்புக்கு வெளியே. மறுநாள் காலையில் கிரில்லை நகர்த்தி அந்த விரிப்பையும் தூக்கினேன். அது பலகையை விட்டு வருவதற்கே அடம்பிடித்தது. அடியில் பலகை கன்னங்கரேல் என்று ஊறிப்போயிருந்தது, பூஞ்சை நூல்கள் வெள்ளையாகப் படர்ந்திருந்தன. ஸ்க்ரூ டிரைவர் முனையை வைத்து அழுத்தினால் கால் அங்குலம் உள்ளே போனது. நல்ல மருந்தேற்றிய மரத்தில் அப்படிப் போகவே கூடாது. இங்கே கோடையில் மத்தியானம் ஆனால் இடிமழை. விரிப்பின் ஓரத்தில் நுழைந்த தண்ணீர் வெளியே போக வழி இல்லாமல், ஒரு மழைக்கும் அடுத்த மழைக்கும் நடுவே காயாமல், அங்கேயே நின்றிருக்கிறது. நெருப்பால் எனக்குப் போனது ஒரு பலகை. காப்பாற்றப் போட்ட விரிப்பால் போனது மூன்று.

அந்தக் காலையில்தான் விஷயம் புரிந்தது. அடுப்புக்குக் கீழே இருக்கிற தரைக்கு மூன்று பகை: கங்கு, கொழுப்பு, தண்ணீர். முதல் இரண்டையும் தடுக்கப் போடுகிற எதுவும் மூன்றாவதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் என்ன போடுகிறோம் என்பதோடு, போட்டதற்குக் கீழே காற்று போகிறதா என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

இதை எனக்குச் சரியாக எடுத்துச் சொன்னவர் என் மாமனார். கரூரில் முப்பது வருஷத்துக்கு மேல் கட்டட மேஸ்திரி வேலை பார்த்தவர். அந்தச் சமயம் ஆறு மாதம் எங்களோடு தங்க வந்திருந்தார். அழுகின பலகையைக் குந்தி உட்கார்ந்து பார்த்தார், விரலால் சுரண்டி மோந்தார்.

“மாப்பிள்ளை, பொங்கலுக்கு மாடியில பானை வைக்கிறப்ப என்னங்க பண்ணுவோம்?”

“மணல் கொட்டி, அதுக்கு மேல செங்கல் வைப்போம் மாமா.”

“எதுக்கு மணல்? சூடு தளத்துல இறங்கக் கூடாது. பொங்கல் முடிஞ்சதும் அன்னிக்கே மணலைக் கூட்டி அள்ளிடுவோம்ல? நீங்க அள்ளவே இல்லீங்க. ரெண்டு வருசம் அப்படியே விட்டுட்டீங்க.”

அவர் குறை சொல்லவில்லை, காரணத்தைச் சொன்னார். அள்ள முடியாத மேடை என்றால் அடியில் காற்று ஓட வேண்டும். “கீழ ஒரு விரக்கடை எடம் விடுங்க, காத்து பாத்துக்கும்” என்றார். வடிவம் அங்கேயே முடிவாகிவிட்டது.

முதலில் பழுது. கருகின பலகையையும் அழுகின மூன்றையும் ஜாய்ஸ்டின் நடுமையத்தில் வெட்டி எடுத்தோம். நல்லவேளையாக ஜாய்ஸ்டில் ஓரம் மட்டும் கருகியிருந்தது. உளியால் சுரண்டினால் அரைக்கால் அங்குலத்தில் மஞ்சள் மரம் வந்துவிட்டது. இன்னும் ஆழமாகப் போயிருந்தால் பக்கத்தில் இன்னொரு ஜாய்ஸ்ட் சேர்த்திருக்க வேண்டும். பலகை முனைகள் ஊன்றி நிற்க ஜாய்ஸ்டின் பக்கவாட்டில் சின்னக் கட்டைகள் வைத்து முடுக்கினோம். புதுப் பலகைகளை இடுக்கே விடாமல் நெருக்கித்தான் போட்டோம். கடையில் வாங்கும்போது மருந்துநீரில் ஊறி ஈரமாக இருக்கும் பலகை, சில மாதங்களில் காய்ந்து சுருங்கித் தானே இடுக்கு விட்டுக்கொள்ளும். இப்போது பார்த்தால் மற்ற இடுக்குகளின் அளவுக்கு வந்துவிட்டது.

வெட்டின துண்டுகளைப் பற்றி ஒரு வார்த்தை. அவற்றைக் கிரில்லில் போட்டோ குளிர்காலத்தில் குப்பையோடு சேர்த்தோ எரிக்கவே கூடாது. 2003 கடைசி வரை இங்கே வீட்டு மரத்தில் ஆர்செனிக் கலந்த மருந்து ஏற்றினார்கள். இப்போது வருவது தாமிர மருந்து. பழையதோ புதியதோ, எரித்தால் புகையும் சாம்பலும் விஷம். ரம்பத்தூள் பறக்கும்போதும் முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள்.

அந்தத் தாமிரத்தால் இன்னொரு சிக்கலும் உண்டு. விரிப்புக்குப் பதில் ஒரு தகடு வெட்டிப் போட்டுவிடலாம் என்றுதான் எனக்கும் முதலில் தோன்றியது. அலுமினியத் தகட்டை மருந்தேற்றிய மரத்தின் மேல் நேரடியாகப் படுக்க வைத்தால், ஈரமும் தாமிரமும் சேர்ந்து அதைத் தின்றுவிடும். சாதாரண நாகப்பூச்சுத் தகரத்தின் கதியும் கொஞ்ச நாளில் அதுதான். அதற்கு மேல், தகடு சூட்டைத் தடுக்காது, வாங்கி அப்படியே கீழே கொடுக்கும். மெல்லிய தகட்டில் கங்கு ஒன்று விழுந்து கிடந்தால் அதன் நேர் அடியில் மரம் கருகும். தகடு போடுவதென்றால் அதற்கும் மரத்துக்கும் நடுவே காற்று இடைவெளி வேண்டும்.

விற்கிற விரிப்புகளையும் பார்த்தேன். கண்ணாடி இழையில் சிலிக்கோன் பூசினவை கங்கைத் தாங்குகின்றன, எண்ணெயைத் துடைக்கவும் சுலபம். சமைக்கும்போது விரித்து, ஆறினதும் சுருட்டி எடுத்து வைப்பவருக்கு அதுவே போதும், நல்ல பொருள். எடுத்து வைக்காதவருக்குத்தான் என் கதை நடக்கும். காம்போசிட் டெக் வைத்திருப்பவர்கள் ரப்பர் விரிப்பின் பக்கமே போகாதீர்கள். ரப்பரிலிருந்து இறங்குகிற ரசாயனம் பலகையில் மஞ்சளாகவோ பழுப்பாகவோ கறை போட்டுவிடும், தேய்த்தால் போகாது. காம்போசிட் என்பது மரத்தூளும் பாலிஎதிலீனும் கலந்த சரக்கு. நூற்றுச் சொச்சம் டிகிரி செல்சியஸிலேயே அந்தப் பிளாஸ்டிக் இளக ஆரம்பிக்கும். கனல்கிற கரி 600 டிகிரிக்கு மேல் இருக்கும். நண்பர் ஒருவர் வீட்டு டெக்கில் சோளப்பொரி அளவுக் கங்குகள் விழுந்த இடமெல்லாம் அம்மைத் தழும்பு மாதிரி குழி விழுந்து கிடக்கிறது. மரமாக இருந்தால் இழைத்துவிடலாம், அதை இழைக்கவும் முடியாது.

சரி, நாங்கள் கட்டின மேடைக்கு வருகிறேன்.

கடையில் 16 அங்குலச் சதுரக் கான்கிரீட் பேவர், அதாவது தரையில் பதிக்கிற கல், கிடைக்கும். கனம் ஒன்றே முக்கால் அங்குலம், ஒன்று ஏறக்குறைய 35 பவுண்டு, அதாவது 16 கிலோ. ஆறு வாங்கினேன். இரண்டுக்கு மூன்றாக வைத்தால் 32 அங்குலத்துக்கு 48 அங்குலம் வரும். அப்புறம் அரை அங்குல சிமெண்ட் போர்டு, குளியலறை ஓடு ஒட்டுவதற்கு அடியில் அடிப்பார்களே, அதேதான். மூன்றடிக்கு ஐந்தடியில் இரண்டு. இது எரியாது, ஈரத்தில் ஊறினாலும் அழுகாது.

ஒரு போர்டை மூன்று அங்குல அகலப் பட்டைகளாகக் கீறி உடைத்தோம். கத்தியால் இரண்டு முறை இழுத்து, முழங்காலில் வைத்து மடக்கினால் சுத்தமாக உடைகிறது. சுற்றும் ரம்பம் வைக்காதீர்கள், அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. இரண்டிரண்டு பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் ஒரு அங்குல உயரம். இந்த ஜோடிப் பட்டைகளைப் பலகைகளுக்குக் குறுக்கே, ஒவ்வொரு ஜாய்ஸ்டின் நேர் மேலே வைத்தோம். பேவர் 16 அங்குலம், ஜாய்ஸ்டுகளின் இடைவெளியும் 16 அங்குலம். இந்தப் பொருத்தத்தை மாமாதான் முதலில் கண்டார். பேவரின் இரண்டு ஓரங்களும் ஜாய்ஸ்டின் மேலேயே வந்து உட்காருகின்றன, எடை நேராகச் சட்டத்துக்கு இறங்குகிறது. நடுவில் தாங்கல் இல்லாமல் விட அவருக்கு மனசு வரவில்லை. இரண்டு ஜாய்ஸ்டுகளுக்கு நடுவிலும் ஒரு ஜோடிப் பட்டை வைக்கச் சொன்னார். ஆக மொத்தம் ஏழு வரிசை.

இரண்டாவது போர்டை 32-க்கு 48 என்று வெட்டிப் பட்டைகளின் மேல் முழுசாகப் பரப்பினோம். இது எதற்கென்றால், பேவர்களுக்கு நடுவே இருக்கிற இணைப்பு வழியாகப் பொறி இறங்கினால் மரத்தைத் தொடுவதற்கு முன் இங்கேயே நின்றுவிடும். இதை விட்டுவிட்டால் மேடை முழுவதும் வைத்தும் பழைய இடுக்குக் கதைதான். அதற்கு மேல் பேவர்கள். எதையும் ஒட்டவில்லை, ஸ்க்ரூ போடவில்லை. ரசமட்டம் வைத்துப் பார்த்தோம். டெக்கே வீட்டிலிருந்து வெளிப்பக்கமாக லேசாகச் சரிந்திருந்தது. அந்தச் சரிவை அப்படியே விட்டோம், மழைத்தண்ணீர் வழிந்து போக அது வேண்டும்.

எடைக் கணக்கைச் சொல்லாமல் விடக் கூடாது. பேவர் ஆறும் 210 பவுண்டு. போர்டுகளையும் சேர்த்தால் 270 பக்கம் வரும். இடம் பத்தே முக்கால் சதுர அடி. அப்படியென்றால் சதுர அடிக்கு 25 பவுண்டு. இங்கே வீட்டு டெக்குகளைச் சதுர அடிக்கு 40 பவுண்டு சுமையைத் தாங்கும்படி கட்ட வேண்டும் என்பது விதி. என் உருண்டைக் கெட்டில் கிரில் 35 பவுண்டுக்குள்தான். ஆகவே கணக்கு உள்ளே வருகிறது. ஆனால் அந்த 40 பவுண்டு ஒழுங்காகக் கட்டி, ஒழுங்காகப் பராமரித்த டெக்குக்கு. உங்கள் டெக் பழையது என்றால், வீட்டுச் சுவரோடு அதைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளையும் தூண்களின் அடியையும் முதலில் கீழே போய்ப் பாருங்கள். கல் சுமக்கிற வேலையெல்லாம் அதற்கப்புறம்.

மேடையில் கிரில்லை எங்கே நிறுத்துவது என்பதில் நான் பலமுறை மாற்றி மாற்றிப் பார்த்தேன். விரிப்பு வைத்திருந்த காலத்தில் கிரில்லின் மூன்று கால்களும் விரிப்பின் நட்டநடுவில் நின்றன. புதுப் பலகை போடுவதற்கு முன், பழைய விரிப்பிலும் அதைச் சுற்றியிருந்த பலகைகளிலும் கறை எங்கெங்கே இருக்கிறது என்று குந்தி உட்கார்ந்து பார்த்தேன். கிரில்லின் நேர் கீழே இரண்டே இரண்டு பொட்டு. முன்னால், நான் நின்று கோழியைத் திருப்பித் தட்டில் எடுத்து வைக்கிற இடத்தில், ஓர் ஆள் அகலத்துக்கு எண்ணெய்க் கறை. கரி கொட்டுகிற பக்கத்தில் பொட்டுப் பொட்டாகச் சூடுபட்ட தழும்பு. அப்போதுதான் தெரிந்தது, அடுப்பைவிட அடுப்புக்காரர் நிற்கிற இடத்துக்குத்தான் காப்பு அதிகம் தேவை. இப்போது கிரில் மேடையின் பின்கோடியில் நிற்கிறது, முன்னால் ஒன்றரை அடிக்கு மேல் கல் எனக்காக இருக்கிறது. கரி கொட்டுவதும் அந்தக் கல்லின் மேல் நின்றுதான்.

பின்கோடி என்றதும் சுவருக்கு ஒட்டி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இங்கே பல வீடுகளின் வெளிச்சுவர் வினைல் பட்டை. எழுபது டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே அது நெளிய ஆரம்பிக்கும். கிரில்லின் மூடியைத் திறக்கும்போது வருகிற ஒரு வீச்சுச் சூடு போதும். எங்கள் மேடை சுவரிலிருந்து பத்தடி தள்ளி, டெக்கின் வெளிமூலையில், மேலே கூரையோ கிளையோ இல்லாத இடத்தில். அந்தப் பத்தடி எனக்கு அபார்ட்மெண்டில் இருந்த நாளில் ஒட்டிக்கொண்ட அளவு. சர்வதேசத் தீ விதித்தொகுப்பு என்று ஒன்று உண்டு, பெரும்பாலான மாநிலங்கள் அதைத் தழுவித்தான் விதி வைத்திருக்கின்றன. எரியக்கூடிய பால்கனியிலும், எரியக்கூடிய கட்டுமானத்துக்குப் பத்தடிக்குள்ளும் கரி அடுப்பு பற்றவைக்கக் கூடாது என்கிறது அது. தனிவீட்டுக்கு விலக்கு இருக்கிறது. விலக்கு இருப்பதால் நெருப்பு வேறு மாதிரி நடந்துகொள்ளாது என்பதால் நான் அதே பத்தடியை வைத்துக்கொண்டேன். அபார்ட்மெண்டில் இருப்பவர்கள் குத்தகைப் பத்திரத்தைப் பார்த்துவிட்டு கிரில் வாங்குங்கள்.

இனி கீழே, பேட்டியோ. அங்கே நிற்பது ஸ்மோக்கர், புகையில் மெதுவாக இறைச்சி வேகவைக்கிற அடுப்பு, பக்கவாட்டில் நெருப்புப் பெட்டி வைத்த பீப்பாய் வகை. அந்த எடையை டெக்கில் ஏற்ற மனசு வரவில்லை. டெக்குக்கு அடியிலும் வைக்கக் கூடாது. பேட்டியோ டெக்கைத் தாண்டி வெளியே நீளுகிற கோடியில் வைத்திருக்கிறேன்.

வட கரோலினாக்காரர்களுக்குப் பன்றிக்கறிதான் பார்பிக்யூ. கிழக்கே காடியும் மிளகாயும் மட்டும், மேற்கே லெக்ஸிங்டன் ஊர்ப் பக்கம் அதோடு கொஞ்சம் தக்காளி. எட்டு பவுண்டுத் தோள்பட்டைத் துண்டை 225 டிகிரி ஃபாரன்ஹீட்டில், அதாவது 107 செல்சியஸில், காலையில் வைத்தால் சாயங்காலம்தான் எடுக்கலாம். அந்த நேரம் முழுவதும் கொழுப்பு உருகி, பீப்பாயின் அடியில் இருக்கிற ஓட்டை வழியாக ஒரு சின்ன வாளியில் சொட்டும். இதெல்லாம் பக்கத்து வீட்டுக்காரர் கற்றுக்கொடுத்தது. நான் அதே முறையில் மிளகும் சோம்பும் அரைத்துப் பூசி ஆட்டுத் தொடை வைப்பதும் உண்டு.

ஒரு தடவை சமைத்து முடித்து வாளியைக் காலி பண்ணாமல் தூங்கப் போய்விட்டேன். ராத்திரி மழை. பீப்பாய் மேல் விழுந்த தண்ணீர் உள்ளே இறங்கி, அதே ஓட்டை வழியாக வாளிக்கு வந்திருக்கிறது. தண்ணீர் கீழே போக, கொழுப்பு மேலே மிதக்க, வாளி நிரம்பியதும் முதலில் வழிந்தது கொழுப்புத்தான். காலையில் கான்கிரீட்டில் மூன்றடி நீளத்துக்கு ஒரு நாக்கு மாதிரிக் கறை. கான்கிரீட் பார்க்கத்தான் கல். உள்ளே நுண்ணிய துளைகள் நிறைய, எண்ணெயைத் திரி மாதிரி இழுத்துக்கொள்ளும்.

முதலில் தப்பாக ஒன்று செய்தேன். கடையில் கிடைக்கிற ஆசிட்டை ஒரு மூலையில் ஊற்றிப் பார்த்தேன். ஆசிட்டுக்குக் கொழுப்பு கரையாது, சிமெண்ட்டுதான் கரையும். மேல்தோல் போய், சரளை தெரிய, கறை அப்படியே நின்றது. அந்தக் கையகல இடம் இன்றைக்கும் சொரசொரப்பாக இருக்கிறது.

கறை போனது இப்படித்தான். முதலில் ஐஸ்கட்டியை ஒரு பையில் கட்டிக் கறையின் மேல் வைத்தேன். ஆட்டுக்கொழுப்பு, பன்றிக்கொழுப்பு எல்லாம் குளிர்ந்தால் மெழுகாகிவிடும். பிளாஸ்டிக் சுரண்டியால் மேலே நின்றதையெல்லாம் வழித்து எடுத்தேன். அப்புறம் சலவை சோடா. சோடியம் கார்பனேட் என்று டப்பாவில் போட்டிருக்கும், சமையல் சோடா இல்லை. இதை வெந்நீரில் கெட்டியாகக் கரைத்து ஊற்றி, நைலான் பிரஷ்ஷால் தேய்த்தேன். சோடா கொழுப்போடு சேர்ந்து அதில் ஒரு பகுதியைச் சோப்பாக மாற்றுகிறது. சோப்பு காய்ச்சுகிறவர்கள் காரம் போட்டுச் செய்வதும் இதே வேலைதான். பழுப்பு நுரை வரும். கழுவி விட்டு, மறுபடி ஊற்றி, நுரை வெள்ளையாக வரும் வரை மூன்று முறை. கையுறை அவசியம்.

மேலே சுத்தமாகிவிட்டாலும் உள்ளே இறங்கினது காயும்போது நிழல் மாதிரி திரும்ப வந்தது. அதை வெளியே இழுக்க பத்துதான் வழி. வலிக்குப் பத்து போடுகிற மாதிரியே. பூனைக் கழிவுத்தட்டில் போடுகிற களிமண் குறுணையைச் செங்கல்லால் பொடித்து, எண்ணெய் நீக்கியில் குழைத்துத் தோசைமாவைவிடக் கெட்டியாக்கி, அரை அங்குல கனத்தில் கறையின் மேல் அப்பினேன். பிளாஸ்டிக் உறை மூடி, ஓரங்களில் டேப் ஒட்டி, ஒரு நாள் முழுக்க விட்டேன். அடுத்த நாள் உறையை எடுத்துக் காய விட்டால், காய்ந்து வெடிக்கிற களிமண் கான்கிரீட்டிலிருந்து எண்ணெயை மேலே உறிஞ்சிவிடுகிறது. கூட்டி அள்ளும்போது அந்தக் களிமண் பழுப்பேறி இருந்தது, கையில் எடுத்தால் பிசுக்கு. இரண்டு பத்துக்குப் பிறகு, அங்கே கறை இருந்தது தெரிந்தவர்களுக்கு மட்டும்தான் தெரியும்.

நன்றாகக் காய்ந்ததும் துளைக்குள் ஊறி இறங்குகிற வகை சீலர், அதாவது காப்புப் பூச்சு, அடித்தேன். பளபளப்பாகப் படலம் கட்டுகிற அக்ரிலிக் வகையை அடுப்புக்குப் பக்கத்தில் அடிக்க வேண்டாம், சூட்டில் இளகி, காலில் ஒட்டி, உரியும். ஊறுகிற வகையிலும் சில, தண்ணீரை மட்டும்தான் விரட்டும். எண்ணெயையும் விரட்டும் என்று டப்பாவில் தெளிவாகப் போட்டிருப்பதைப் பார்த்து எடுங்கள். வாளிக்குக் கீழே ஒரு பழைய பேக்கிங் தட்டு நிரந்தரமாக இருக்கிறது. வாளிக்குள் அலுமினியத் தாள் உறை. சமைத்த அன்றே, கொழுப்பு உறைந்ததும் உறையோடு சுருட்டிக் குப்பையில்.

கான்கிரீட்டுக்குக் கறையை விடச் சூடு கெடுதல். இதுவும் அனுபவம்தான். கரி பற்றவைக்கிற சிம்னி குழாயை ஒரு நாள் பேட்டியோ தரையிலேயே வைத்துப் பற்றவைத்தேன். பத்து நிமிஷத்தில் “பட்” என்று ஒரு சத்தம். குழாயை எடுத்துப் பார்த்தால் ரூபாய்க் காசு அளவுக்கு ஒரு சில்லு தெறித்துப் பள்ளம் விழுந்திருந்தது. முந்தின நாள் மழை பெய்திருந்தது. துளைகளில் இருந்த ஈரம் சட்டென்று ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் மேல்தோலை உடைத்துக்கொண்டு வந்துவிட்டது. சில்லு முகத்துக்கு நேரே பறந்திருக்கலாம். இப்போது சிம்னியைக் கிரில்லுக்குள், கரி நிற்கிற கம்பிவலையின் மேலேயே வைத்துப் பற்றவைக்கிறேன். மேலே டெக்கில் பேவரும் கான்கிரீட்தானே, அங்கேயும் அதே விதிதான்.

சாம்பலுக்கு மூடி போட்ட தகர டப்பா. பிளாஸ்டிக் குப்பைத்தொட்டிக்கும் காகிதப் பைக்கும் அதைக் காட்டவே கூடாது. வெள்ளையாக ஆறிப்போன மாதிரி இருக்கிற சாம்பலுக்கு நடுவே கங்கு ஒரு நாளுக்கு மேலும் உயிரோடு கிடக்கும். அடுப்பைச் சாம்பல் மூடி வைத்து மறுநாள் காலையில் ஊதிப் பற்றவைத்த பாட்டிகளின் பேரப்பிள்ளைகளுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. இரண்டு நாள் டப்பாவில் கிடந்தபின் தண்ணீர் ஊற்றிக் கிளறிவிட்டுத்தான் கொட்டுகிறேன். டப்பா நிற்பது டெக்கில் இல்லை, கீழே புல்தரை ஓரத்தில், வீட்டை விட்டுத் தள்ளி.

மேடை போட்டு ஒரு வருஷம் ஆகப்போகிறது. இந்த வசந்தத்தில் பேவர் எல்லாவற்றையும் எடுத்து, போர்டையும் தூக்கி அடியைப் பார்த்தேன். பலகை காய்ந்து, சாம்பல் நிறத்தில், மற்றப் பலகைகள் மாதிரியே இருந்தது. ஸ்க்ரூ டிரைவர் முனை இறங்கவில்லை. தண்ணீர் தெளித்துப் பார்த்ததும் மரம் உறிஞ்சிக்கொண்டது, ஸ்டெயின் என்கிற மரப்பூச்சை ஏற்கத் தயார் என்று அர்த்தம். அன்றைக்கே இரண்டு பூச்சு அடித்துவிட்டேன். போர்டின் மேல், இரண்டு பேவர்களின் இணைப்புக்கு நேர் கீழே, மிளகு அளவுக்கு இரண்டு கருந்தழும்புகள். அவை மரத்தில் விழுந்திருக்க வேண்டியவை.

ஒரு குறையும் தென்பட்டது. அந்த ஒரு அங்குலக் காற்றிடைவெளிக்குள் பைன் ஊசிகள் பக்கவாட்டிலிருந்து புகுந்து, இரண்டு பட்டைகளுக்கு நடுவே பறவைக்கூடு மாதிரி சேர்ந்திருந்தன. காற்றுக்கு விட்ட வழியில் எரிபொருள் வந்து குடியேறிவிட்டது. கால் அங்குலக் கண் உள்ள இரும்பு வலையைப் பட்டையாக வெட்டி நாலு பக்கமும் செருகியிருக்கிறேன். காற்றும் தண்ணீரும் போகும், ஊசி போகாது. போன வாரம் படம் அனுப்பினேன். மாமா பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, வலை துருப்பிடிக்கும், வருஷத்துக்கு ஒருதரம் மாற்றுங்க மாப்பிள்ளை என்றார்.

மேடைக்கு வெளியே இருக்கிற இடுக்குகளை ஒவ்வொரு தடவையும் கரி பற்றவைக்கும் முன் சுத்தம் செய்கிறேன். கத்தி, கம்பி என்று என்னென்னவோ போட்டுப் பார்த்தேன், மரம் சிராய்த்தது. கடைசியில் அத்தை கரூரிலிருந்து பெட்டியில் வைத்துக் கொண்டுவந்த ஈர்க்குமாறுதான் சரிப்பட்டது. ஈர்க்கு அந்த இடுக்குக்கென்றே செய்த கனம். நாலைந்து குச்சியைச் சேர்த்துப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தால் ஊசிகள் மொத்தமும் கீழே பேட்டியோவில் கொட்டிவிடுகின்றன. அங்கே அவற்றைக் கூட்டி அள்ளுவது என் பெரியவளின் வேலை.